கணக்கு உதைக்கும் இடம்

வேதியியல் வரலாற்றில் எனக்குப் பிடித்த எண் ஒன்று உண்டு: 93. அவகாட்ரோ எண்ணைப் போல அதற்குப் பெயரெல்லாம் கிடையாது. கிளெமென்ஸ் விங்க்ளர் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் ஒரு கனிமத்தைப் பகுத்துப் பார்த்தபோது திரும்பத் திரும்ப வந்து நின்ற கூட்டுத்தொகை அது. சரியாகச் சொன்னால் 93-க்கும் 94-க்கும் நடுவில். வந்திருக்க வேண்டியது 100.

1885-இல் ஃப்ரைபெர்க் அருகே ஒரு வெள்ளிச் சுரங்கத்தில் அந்தக் கனிமம் கிடைத்தது. அங்கிருந்த சுரங்கக் கல்லூரியின் கனிமவியல் பேராசிரியர் ஆல்பின் வைஸ்பாக் அதற்கு ஆர்கைரோடைட் என்று பெயர் வைத்தார். உள்ளே என்னென்ன இருக்கிறது என்று பார்க்கச் சொல்லி விங்க்ளரிடம் கொடுத்தார். வெள்ளி முக்கால் பங்கு இருந்தது. கந்தகம் 17, 18 சதவீதம். துளி இரும்பு, துளி துத்தநாகம், துளி பாதரசம். எல்லாவற்றையும் கூட்டினால் ஆறேழு சதவீதம் இடிக்கிறது. மறுபடி செய்தார். மறுபடியும் அதே ஆறேழு.

இந்த இடத்தில் சாதாரண ஆள் என்ன செய்வான்? எடையறி பகுப்பாய்வு செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும். மாதிரியை அமிலத்தில் கரைக்க வேண்டும், ஒவ்வொரு தனிமத்தையும் வீழ்படிவாக்க, அதாவது கரைசலிலிருந்து திடப்பொருளாக இறங்க வைக்க வேண்டும், வடிகட்டி, கழுவி, காயவைத்து, எடை மாறாமல் நிற்கும்வரை எடைபோட வேண்டும். வடிதாளில் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும், கழுவும் நீரில் கொஞ்சம் கரைந்து போகும். கல்லூரி ஆய்வகத்தில் கூட்டுத்தொகை 98 வந்தாலே எங்களுக்குத் திருவிழா. ஆகவே குறைவதெல்லாம் புதுத் தனிமம் என்று யாரும் கிளம்புவதில்லை, கிளம்பவும் கூடாது. ஆனால் கைத்தவறு ஒவ்வொரு முறையும் ஒரே அளவில் வராது. விங்க்ளருக்குக் குறைந்தது எப்போதும் அதே அளவு. அதைத்தான் அவர் பிடித்துக்கொண்டார்.

மாதக் கணக்கில் திண்டாடி, 1886 பிப்ரவரி 6 அன்று அவர் அதைக் கண்டுபிடித்தார். கரைசலில் அமிலத்தை அளவுக்கு மீறி ஊற்றியபோது வெள்ளையாக ஒரு வீழ்படிவு திரண்டது. அதுதான் அந்தத் தனிமத்தின் சல்ஃபைடு. அமிலம் குறைவாக இருந்தால் அது கரைசலிலேயே தங்கிவிடும். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தோடு சூடாக்கினாலோ இன்னும் மோசம். குளோரைடாக மாறி 87 டிகிரிக்குள் கொதித்து ஆவியாகப் போய்விடும். வழக்கமான வழியில் போனவருக்கு அது அகப்படாததில் வியப்பில்லை. அந்தத் தனிமம் ஜெர்மேனியம். தான் வகுத்த தனிம அட்டவணையில் சிலிக்கனுக்குக் கீழே ஒரு கட்டத்தைக் காலியாக விட்டு, அங்கே அணு எடை 72 உள்ள ஒன்று வரும் என்று 1871-இலேயே மெண்டலீவ் எழுதிவைத்திருந்தார். விங்க்ளருக்குக் கிடைத்த எடை 72.32.

பள்ளிப் புத்தகங்கள் இந்தக் கதையில் மெண்டலீவைத்தான் தூக்கிப் பிடிக்கும். தப்பில்லை. ஆனால் மெண்டலீவ் எழுதி 15 ஆண்டுகள் ஆகியும் வராத தனிமம், ஒருவர் தன் கூட்டலை விடாப்பிடியாக நம்பியதால் வந்தது. இயற்கையில் கிடைக்கும் தனிமங்களின் கதையைப் படிக்கப் படிக்க எனக்கு இதுதான் கண்ணில் படுகிறது. தங்கம், செம்பு, கந்தகம் போன்ற சிலவற்றை விட்டுவிடுங்கள், அவை தனியாகவே கிடந்து மனிதர் கையில் தாமாகச் சிக்கியவை. மீதியில் நிறைய ஆட்கள் சிக்கியது, யாரோ ஒருவருக்குக் கணக்கு உதைத்த இடத்தில்தான்.

உதைத்தும் சிக்காமல் போனதும் உண்டு. 1846-இல் எல்பா தீவிலிருந்து வந்த போலூசைட் என்ற அரிய கனிமத்தை கார்ல் பிளாட்னர் பகுத்துப் பார்த்தார். கூட்டுத்தொகை 92.75. எங்கே தவறு என்று தேடுவதற்குள் கையிலிருந்த கனிமம் தீர்ந்துபோயிற்று. பதினான்கு ஆண்டுகள் கழித்து ஜெர்மனியில் புன்சன், கிர்க்காஃப் என்ற இரு அறிஞர்கள் டுர்க்ஹைம் ஊற்றின் கனிமநீரைச் சுண்டவைத்து, எஞ்சிய உப்பைச் சுடரில் காட்டி, ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துக் காட்டும் நிறமாலையில் அதுவரை யாரும் பார்க்காத இரண்டு நீலக் கோடுகளைப் பார்த்தார்கள். சீசியம். சுமார் 40 டன் நீரைக் காய்ச்சி அவர்கள் எடுத்த சீசியம் குளோரைடு ஏழு கிராம் சொச்சம்தான். அதன் பிறகு 1864-இல் ஃபெலிக்ஸ் பிசானி அதே போலூசைட்டை எடுத்துப் பார்த்தார். அதில் மூன்றில் ஒரு பங்கு சீசியம் ஆக்சைடு!

பிளாட்னரின் கணக்கு எங்கே போனது என்பது அழகான விஷயம். அவர் எதையும் சிந்திவிடவில்லை. கார உலோகங்களைப் பிளாட்டினத்தோடு சேர்த்து ஓர் உப்பாக இறக்கி, அதை எடைபோட்டு, அதிலிருந்து உலோகத்தின் அளவைக் கணக்கிடுவது அன்றைய வழக்கம். கையில் இருந்ததை அவர் பொட்டாசியம் என்றும் சோடியம் என்றும் எடுத்துக்கொண்டார். பொட்டாசியத்தின் அணு எடை 39. சீசியத்துக்கு 133. பொட்டாசியத்தின் பிளாட்டின உப்பில் ஆக்சைடாகக் கணக்கு வருவது ஐந்தில் ஒரு பங்கு, சீசியத்தின் உப்பில் ஐந்தில் இரண்டு பங்குக்கும் மேல். எடை சரி, பெயர் தவறு. தராசு சொன்ன எண்ணைத் தவறான ஆளின் பேரில் எழுதியதால் மொத்தம் குறைந்தது.

இவை ஏன் இப்படி ஒளிந்துகொள்கின்றன? பூமியின் மேலோட்டை எடுத்துக்கொண்டால் எடையில் 46 சதவீதம் ஆக்சிஜன், 28 சதவீதம் சிலிக்கன், 8 சதவீதம் அலுமினியம், 5 சதவீதம் இரும்பு. இவற்றோடு கால்சியம், சோடியம், பொட்டாசியம், மக்னீசியம் சேர்த்தால் எட்டே தனிமங்களில் சுமார் 98 சதவீதம் முடிந்துபோகிறது. மிச்சமுள்ள இரண்டு சதவீதத்துக்குள் மற்ற எல்லாமே அடங்க வேண்டும். அதிலும் எல்லாருக்கும் சொந்த வீடு கிடையாது.

ருபீடியத்தைப் பாருங்கள். மேலோட்டில் செம்பை விட அது அதிகம், பத்து லட்சத்தில் 90 பங்கு போல. ஆனால் செம்பு கந்தகத்தோடு சேர்ந்து ஓரிடத்தில் திரண்டு தாதுவாகிறது, வெட்டி எடுக்கலாம். ருபீடியமோ பொட்டாசியத்தின் அளவும் மின்சுமையும் ஏறக்குறைய தனக்கும் இருப்பதால், ஃபெல்ஸ்பாரிலும் மைக்காவிலும் பொட்டாசியம் இருக்க வேண்டிய இடத்தில் அங்கொன்று இங்கொன்றாக உட்கார்ந்துவிடுகிறது. காலியமும் அப்படித்தான். ஈயத்துக்குக் குறையாத அளவில் இருந்தும், அலுமினியத்தின் நிழலிலேயே பாக்சைட்டுக்குள் கரைந்து கிடக்கிறது. யார் யாரோடு சேருவார்கள் என்பதை 1920-களில் விக்டர் கோல்ட்ஷ்மிட் ஒழுங்குபடுத்தினார். பாறையோடு சேர்பவை, கந்தகத்தோடு சேர்பவை, இரும்போடு சேர்பவை, வாயுவாகவே நிற்பவை என்று நான்கு கூட்டம். தங்கமும் இரிடியமும் மேலே இவ்வளவு அரிதாக இருப்பதற்கும் இதுதான் காரணம். பூமி உருகிக் கிடந்த காலத்தில் அவை இரும்போடு சேர்ந்து மையத்துக்கு இறங்கிவிட்டன. நம் கணக்கில் அவை குறைகின்றன என்றால், உள்ளே எங்கோ கூடுதலாக இருக்கின்றன என்று பொருள்.

இதெல்லாம் கேட்டுவிட்டு, கூட்டுத்தொகை 100 வந்தால் நிம்மதியாகத் தூங்கலாம் என்று நினைத்தால் ஹாஃப்னியம் வந்து கெடுக்கும். சிர்க்கான் கனிமத்திலிருந்து சிர்க்கோனியத்தை க்ளாப்ரோத் இனம் கண்டது 1789-இல். அதற்கப்புறம் எத்தனையோ பேர் சிர்க்கானைப் பகுத்தார்கள். கணக்கு ஒழுங்காகத்தான் வந்தது. ஆனால் அவர்கள் சிர்க்கோனியம் என்று எழுதியதில் ஒன்றிலிருந்து சில சதவீதம் வரை வேறொரு தனிமம். சிர்க்கோனியமும் ஹாஃப்னியமும் ஒரே குடும்பம். அயனிகளின் அளவுகூட ஏறக்குறைய ஒன்றுதான். எந்த வினைப்பொருளை ஊற்றினாலும் இரண்டும் சேர்ந்தே இறங்கும், சேர்ந்தே கரையும். 1923-இல் கோபன்ஹேகனில் டிர்க் கோஸ்டரும் ஜார்ஜ் ஹெவெசியும் நார்வே நாட்டுச் சிர்க்கானின் எக்ஸ் கதிர் நிறமாலையில் கருவில் 72 புரோட்டான்கள் உள்ள தனிமத்துக்குரிய கோடுகளைப் பார்த்தபோதுதான் அது வெளியே வந்தது. 134 ஆண்டுகள். ஒளிந்திருந்தது ஏதோ அபூர்வப் பொருள் என்று நினைக்க வேண்டாம், வெள்ளியை விடவும் பாதரசத்தை விடவும் ஹாஃப்னியம் அதிகம். உதைக்காத கணக்கைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் வருவதற்கு இந்தக் கதைதான் காரணம்.

சரி, பாறையை விட்டுக் காற்றுக்கு வருவோம். இங்கே கதை இன்னும் சுவாரசியம், ஏனென்றால் மிச்சம் கண்ணுக்கு நேராகவே இருந்தது.

1785-இல் ஹென்றி கேவண்டிஷ் காற்றின் நைட்ரஜனுக்குள் ஆக்சிஜனைக் கலந்து, மின்பொறியை விட்டு விட்டு, உண்டாகும் ஆக்சைடுகளைக் காரத்தில் உறிஞ்ச வைத்தார். கையால் சுற்றும் மின் எந்திரத்தைக் கொண்டு, பொறுமையாக, வாயு சுருங்கச் சுருங்க மேலும் மேலும். கடைசியில் ஒரு சின்னக் குமிழி மட்டும் எதற்கும் அசையாமல் நின்றது. நைட்ரஜனில் வேறொன்று கலந்திருந்தால் அது 120-இல் ஒரு பங்குக்கு மேல் இருக்காது என்று எழுதிவைத்தார். அவ்வளவுதான். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கையில் இருந்த குமிழியை வைத்துக்கொண்டு அவர் வேறு என்ன செய்திருக்க முடியும் என்பதும் நியாயமான கேள்விதான். நிறமாலை பார்க்கும் கருவி வர இன்னும் முக்கால் நூற்றாண்டு இருந்தது.

1890-களின் தொடக்கத்தில் ராலே பிரபு வாயுக்களின் அடர்த்தியைத் துல்லியமாக அளந்துகொண்டிருந்தார். ஒரே கண்ணாடிக் கோளத்தில், காற்றிலிருந்து எடுத்த நைட்ரஜனை நிரப்பினால் 2.310 கிராம். அம்மோனியா போன்ற சேர்மங்களிலிருந்து எடுத்த நைட்ரஜனை நிரப்பினால் 2.299 கிராம். வித்தியாசம் அரை சதவீதத்துக்கும் குறைவு. 1892-இல் அவர் நேச்சர் இதழுக்கு ஒரு கடிதம் எழுதினார். எனக்கு இப்படி வருகிறது, காரணம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்பதுதான் அதன் சாரம். அடர்த்தியில் மூன்றாம் இலக்கம் ஒத்துப்போகவில்லை என்று நாலு பேர் அறியக் கேட்ட அந்தத் தைரியம் எனக்குப் பிடித்திருக்கிறது. வில்லியம் ராம்சே அந்தக் கேள்வியைக் கையில் எடுத்தார். காற்றின் நைட்ரஜனைச் சூடான மக்னீசியத்தின் மேல் திரும்பத் திரும்பச் செலுத்தி நைட்ரஜனை முழுக்க உறிஞ்ச வைத்தார். எஞ்சியது நைட்ரஜனை விடக் கனமான, எதனோடும் சேராத ஒரு வாயு. 1894-இல் இருவரும் ஆர்கானை அறிவித்தார்கள். காற்றில் அது 0.93 சதவீதம். கார்பன் டை ஆக்சைடைப் போல இருபது மடங்குக்கும் மேல் நம் மூக்கைச் சுற்றி இருந்துகொண்டே, நூறாண்டுக்கு மேல் யார் கணக்கிலும் வராமல் இருந்திருக்கிறது.

ஆர்கானிடம் இன்னொரு உதைப்பும் உண்டு. தனிம அட்டவணையில் அதன் எடை 39.95, அதற்கு அடுத்த பொட்டாசியத்துக்கு 39.10. எடை வரிசைப்படி இடம் மாறி நிற்கின்றன. அணு எண்தான், அதாவது கருவில் உள்ள புரோட்டான்களின் எண்ணிக்கைதான், வரிசையைத் தீர்மானிக்கிறது என்பது பின்னால் வந்த விளக்கம். ஆனால் ஆர்கான் ஏன் இவ்வளவு கனம்? ஒரே தனிமத்தின் அணுக்கள் வெவ்வேறு எடையில் வருவதுண்டு, அவற்றுக்கு ஐசோடோப்புகள் என்று பெயர். பூமியின் ஆர்கானில் 99.6 சதவீதம் 40 எடையுள்ள ஆர்கான்-40. அதைப் பெற்றதே பொட்டாசியம்தான். பாறைகளில் உள்ள பொட்டாசியம்-40, 125 கோடி ஆண்டு அரை ஆயுளோடு, அதாவது அத்தனை ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகும் வேகத்தில் சிதைந்து ஆர்கானை வெளியே விட்டுக்கொண்டிருக்கிறது. விண்மீன்களில் சமைந்த பழைய ஆர்கானில் 36 எடையுள்ளதுதான் அதிகம். வேறொரு கோளில் பிறந்த மெண்டலீவுக்கு இந்தக் குழப்பமே வந்திருக்காது! அட்டவணையில் இருக்கும் ஓர் எண், நாம் நிற்கும் பாறையின் வயதைச் சார்ந்து இருக்கிறது என்பதை முதன்முதலில் படித்த அன்று எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை.

ஹீலியத்தின் கதை பலருக்கும் தெரியும் என்பதால் வேகமாகக் கடந்துவிடுகிறேன். 1868 ஆகஸ்ட் 18 சூரிய கிரகணத்தின்போது குண்டூரிலிருந்து ஷான்சென் என்ற வானியலாளர் சூரியனின் தழல்களை நிறமாலையில் பார்த்ததும், அதே ஆண்டில் லாக்யர் சூரிய ஒளியில் சோடியத்தோடு ஒத்துப்போகாத மஞ்சள் கோட்டைப் பார்த்து, பின்னால் அதைப் புதுத் தனிமம் என்று சொன்னதும் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. அதிகம் பேசப்படாத ஆள் வில்லியம் ஹில்லபிராண்ட். 1890 வாக்கில் அமெரிக்கப் புவியியல் ஆய்வகத்தில் யுரேனியக் கனிமத்தை அமிலத்தில் கரைத்தபோது ஒரு மந்தமான வாயு வெளிவருவதைப் பார்த்தார். நைட்ரஜன் என்று முடிவு செய்தார். 1895-இல் ராம்சே இதே சோதனையை, ஆர்கான் கிடைக்குமா என்று பார்க்கச் செய்தார். கிடைத்தது சூரியனில் பார்த்த அதே மஞ்சள் கோடு. பாறைக்குள் ஹீலியம் எப்படி வந்தது என்பது ஆல்ஃபா கதிர் என்றால் என்ன என்று புரிந்த பிறகுதான் தெரிந்தது. யுரேனியமும் தோரியமும் சிதையும்போது வெளித்தள்ளும் ஒவ்வொரு ஆல்ஃபா துகளும் ஒரு ஹீலியம் கரு. ஹில்லபிராண்டின் கையில் இருந்தது கோடிக்கணக்கான ஆண்டுகளின் சேமிப்பு.

மேரி கியூரிக்கு வந்த உதைப்பு வேறு மாதிரி. அங்கே தராசு பொய் சொல்லவில்லை. பிட்ச்பிளெண்ட் என்ற யுரேனியத் தாதுவின் கூட்டுத்தொகையில் உறுத்துகிற மாதிரி எதுவும் இல்லை. உதைத்தது மின்னோட்டமானி. யுரேனியச் சேர்மங்களில் கதிர்வீச்சு யுரேனியத்தின் அளவுக்கு ஏற்ப இருக்கிறது என்று பார்த்துவிட்டு, இயற்கைத் தாதுவை வைத்தால் அது தூய யுரேனியத்தை விடச் சில மடங்கு வீரியம் காட்டியது. சால்கோலைட் என்ற செம்பு யுரேனியப் பாஸ்பேட்டும் அப்படியே. அப்புறம் அவர் செய்த காரியம்தான் எனக்கு மொத்தக் கதையிலும் சிறந்ததாகப் படுகிறது. தூய வேதிப்பொருள்களிலிருந்து அதே சால்கோலைட்டை ஆய்வகத்தில் தானே செய்தார். அதே செம்பு, அதே யுரேனியம், அதே பாஸ்பேட், அதே படிகம். கதிர்வீச்சு மட்டும் மற்ற யுரேனிய உப்புகளைப் போலவே சாதாரணமாக இருந்தது. ஆக, இயற்கையின் கல்லில் வாய்பாட்டில் எழுதாத ஏதோ ஒன்று உட்கார்ந்திருக்கிறது.

1898 ஜூலையில் பொலோனியம், டிசம்பரில் ரேடியம். 1902-இல், டன் கணக்கில் தாதுக் கழிவைக் காய்ச்சி வடித்துப் பிரித்த பிறகு கையில் வந்த ரேடியம் குளோரைடு ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு. ஏன் இவ்வளவு குறைவு என்பதற்குச் சிக்கலான விளக்கம் தேவையில்லை. ரேடியம்-226-இன் அரை ஆயுள் 1,600 ஆண்டுகள், அதைப் பெறும் யுரேனியத்தின் அரை ஆயுள் 447 கோடி ஆண்டுகள். ஒன்று பிறக்கும் வேகத்தில் இன்னொன்று சாகிறது. இரண்டு காலத்தையும் வகுத்தால் சுமார் மூன்று டன் யுரேனியத்துக்கு ஒரு கிராம் ரேடியம்தான் எந்த நேரத்திலும் இருக்க முடியும். தராசில் கூட்டிப் பார்த்தவர் யாருக்கும் அது தெரிந்திருக்க வழியே இல்லை.

இதுவரை சொன்னதை வைத்து, விளங்காத மிச்சம் எல்லாம் புதுத் தனிமம்தான் என்று முடிவுகட்டினால் வானியலாளர்கள் சிரிப்பார்கள். 1864-இல் வில்லியம் ஹக்கின்ஸ் ஒரு நெபுலாவின், அதாவது விண்மீன்களுக்கிடையே உள்ள வாயு மேகத்தின் ஒளியில் பூமியில் எதிலும் இல்லாத பச்சைக் கோடுகளைப் பார்த்தார். அதற்கு நெபுலியம் என்று ஒரு தனிமமே கற்பிக்கப்பட்டது. 1869 கிரகணத்தில் சூரியனின் ஒளிவட்டத்தில் இன்னொரு பச்சைக் கோடு, அதற்குக் கொரோனியம். ஹீலியம் மாதிரி இவையும் ஒருநாள் பூமியில் கிடைக்கும் என்று நம்பினார்கள். 1927-இல் ஐரா போவன் நெபுலியம் என்பது இரண்டு எலக்ட்ரான்களை இழந்த ஆக்சிஜன் என்று காட்டினார். பூமியில் அன்று உண்டாக்கிய எந்த வெற்றிடத்தையும் விட மெல்லிய வாயுவில் மட்டும் தெரியும் கோடுகள் அவை. கொரோனியம் என்பது 13 எலக்ட்ரான்களை இழந்த இரும்பு என்று 1940 வாக்கில் தெரிந்தது. இரும்பு அவ்வளவு இழக்க வேண்டுமென்றால் பத்து லட்சம் டிகிரிக்கு மேல் வெப்பம் வேண்டும். சூரியனின் மேற்பரப்பு ஆறாயிரம் டிகிரிக்கும் குறைவு. தனிமம் பற்றிய கணக்கு அங்கே தீர்ந்து, வெப்பம் பற்றிய கணக்கு உதைக்க ஆரம்பித்தது. அது வேறு கட்டுரை.

இயற்கையில் எத்தனை தனிமங்கள் என்று கேட்டால் 92 என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள். ஹைட்ரஜன் முதல் யுரேனியம் வரை. அந்த வரிசையில் 43-ஆம் இடம் நெடுங்காலம் ஓட்டையாக இருந்தது. 1925-இல் நோடாக், டாக்கெ, பெர்க் மூவரும் 43, 75 இரண்டையும் கண்டதாக அறிவித்தார்கள். 75, அதாவது ரெனியம், நின்றது. 43 நிற்கவில்லை. 1937-இல் துகள் முடுக்கியில் அடிபட்ட மாலிப்டினத் தகட்டிலிருந்து பெரியரும் சேக்ரேயும் டெக்னீசியத்தை எடுத்த பிறகு, அது மனிதன் செய்தது, இயற்கையில் இல்லாதது என்று பேசப்பட்டது. அதன் மிக நீண்ட அரை ஆயுளே 42 லட்சம் ஆண்டுகள்தான். 454 கோடி ஆண்டு வயதுள்ள பூமியில் ஆதியிலிருந்து ஓர் அணுவும் மிஞ்சியிருக்காது. ஆனால் 1952-இல் பால் மெரில் சிவப்பு ராட்சத விண்மீன்களின் ஒளியில் டெக்னீசியத்தின் கோடுகளைக் கண்டார். அந்த விண்மீன்கள் அவ்வளவு பழசு, டெக்னீசியம் அவ்வளவு அற்பாயுசு. அப்படியென்றால் அது அங்கேயே புதிதாகச் சமைந்துகொண்டிருக்க வேண்டும். விண்மீனுக்குள் கனமான தனிமங்கள் உண்டாகின்றன என்பதற்கு இதை விட நேரடியான சாட்சி வேண்டியதில்லை.

1960-களின் தொடக்கத்தில் பால் குரோடா தன் சகாவோடு காங்கோவின் பிட்ச்பிளெண்டில் டெக்னீசியத்தைப் பிரித்தே எடுத்துவிட்டார், கிலோவுக்கு 0.2 நானோகிராம். யுரேனியம் எப்போதாவது தானாகப் பிளக்கும்போது விழும் சிதறல் அது. இதே தாதுவில் புளுட்டோனியமும் நெப்டியூனியமும் சுவடாக உண்டு. எனவே 92-ஐ நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. எவ்வளவு சின்னத் துளியை எண்ணத் தயாராக இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து விடை மாறும்.

குரோடா பெயர் வந்ததால் ஓக்லோவைச் சொல்லாமல் போக முடியாது. 1972-இல் பிரான்சின் யுரேனியச் செறிவூட்டல் ஆலையில், காபோன் நாட்டு ஓக்லோ சுரங்கத்திலிருந்து வந்த யுரேனியத்தில் யுரேனியம்-235-இன் பங்கு 0.717 சதவீதம் என்று வந்தது. இருக்க வேண்டியது 0.720. பூமியில் எங்கே எடுத்தாலும், நிலவிலிருந்து கொண்டுவந்த கல்லில் எடுத்தாலும் 0.720 தான். குறைவது மூன்றாவது தசம இலக்கத்தில்! ஆனால் அது அணுகுண்டுக்கு உரிய பொருள் என்பதால் ஒவ்வொரு கிராமுக்கும் பதில் சொல்ல வேண்டும். தேடிப் போனபோது சுரங்கத்தில் இன்னும் பெரிய குறைவு தெரிந்தது. கூடவே, யுரேனியத்தின் அணுக்கரு பிளந்தால் மட்டும் கிடைக்கும் விகிதத்தில் நியோடிமியம் ஐசோடோப்புகள். சுமார் 200 கோடி ஆண்டுகளுக்கு முன் அந்தத் தாது தானாகவே அணு உலையாக இயங்கியிருக்கிறது. அந்தக் காலத்தில் யுரேனியம்-235 மூன்று சதவீதத்துக்கு மேல் இருந்தது. இன்றைய அணு உலை எரிபொருளின் அளவு. ஊறிவந்த நிலத்தடி நீர் நியூட்ரான்களின் வேகத்தைக் குறைத்து, பிளவு தொடர வழி செய்தது. வெப்பம் ஏறினால் நீர் ஆவியாகும், உலை நிற்கும். ஆறியதும் நீர் திரும்பும், உலை ஓடும். இப்படி நடக்கச் சாத்தியம் உண்டு என்று குரோடா 1956-இலேயே எழுதியிருந்தார். அரை மணி நேரம் ஓட்டம், இரண்டரை மணி நேரம் ஓய்வு என்ற தாளத்தைக்கூட 2004-இல் கண்டுபிடித்துவிட்டார்கள். அதைச் சொன்னது அங்குள்ள அலுமினியப் பாஸ்பேட் குருணைகளுக்குள் சிறைப்பட்டிருந்த செனான் வாயு.

எல்லா உதைப்பும் எண்ணாகத்தான் வரவேண்டும் என்றில்லை, சில சமயம் மூக்குக்கும் வரும். ஜெர்மனியின் வோல்சென்டார்ஃபில் கிடைக்கும் ஒருவகைக் கருநீல ஃபுளூரைட்டை உடைத்தால் குப்பென்று ஒரு நாற்றம் அடிக்கும். 19-ஆம் நூற்றாண்டிலிருந்து அது என்ன என்று சண்டை. ஃபுளூரின் வாயு என்றார்கள் சிலர். அது எப்படி இருக்க முடியும், ஃபுளூரின் எதைத் தொட்டாலும் வினைபுரிந்துவிடுமே, இயற்கையில் தனியாக இருக்க வாய்ப்பே இல்லை என்றார்கள் மற்றவர்கள். பாடநூல்களும் அதையே எழுதின. 2012-இல் மியூனிக் ஆய்வாளர்கள் கல்லை உடைக்காமலே அணுக்கரு காந்த ஒத்ததிர்வு முறையில் பார்த்தார்கள். உள்ளே ஃபுளூரின் மூலக்கூறுகள். கல்லில் துளியாகக் கலந்திருக்கும் யுரேனியத்தின் கதிர்வீச்சு கால்சியம் ஃபுளூரைடை உடைத்து, கால்சியத்தை ஒருபக்கம் கொத்தாகவும் ஃபுளூரினைச் சின்னஞ்சிறு அறைகளிலும் பிரித்து வைத்திருக்கிறது. கல்லின் கருநிறம் அந்தக் கால்சியத்தால் வந்தது. சுற்றியிருக்கும் சுவர், ஏற்கெனவே ஃபுளூரினோடு முழுக்கச் சேர்ந்து தீர்ந்த சேர்மம். அதனால் உள்ளே இருப்பதற்குத் தின்ன எதுவும் இல்லை. சுரங்கத் தொழிலாளர்களின் மூக்கு சரியாகத்தான் சொல்லியிருக்கிறது.

கடைசியாகச் செனான். ஓக்லோவில் சாட்சி சொன்ன அதே வாயு. 1960-இல் ஜான் ரெனால்ட்ஸ் ரிச்சர்ட்டன் விண்கல்லைச் சூடாக்கி வெளிவந்த செனானை அளந்தபோது செனான்-129 மட்டும் தூக்கலாக இருந்தது. அது அயோடின்-129 சிதைந்து வந்தது. அந்த அயோடினின் அரை ஆயுள் சுமார் 1.6 கோடி ஆண்டுகள். இன்று ஆதி அயோடின்-129 ஓர் அணுகூட மிச்சமில்லை. ஆனால் அந்தக் கல் உறைந்தபோது அது உயிரோடு இருந்திருக்கிறது. அப்படியானால் தனிமம் உண்டானதற்கும் கல் உறைந்ததற்கும் இடையே அதிக காலம் போயிருக்காது. செத்துப்போன ஒன்றை அதன் வாரிசை எண்ணிப் பிடித்த விதம் எனக்கு இன்றும் மலைப்பாக இருக்கிறது.

விண்கல்லில் செனான் தூக்கல் என்றால், நம் காற்றில் அதற்கு நேர்மாறு. காற்றில் கிரிப்டான் பத்து லட்சத்தில் ஒரு பங்கு சொச்சம், செனான் அதில் பன்னிரண்டில் ஒரு பங்குகூட இல்லை. விண்கற்களில் இருக்கும் விகிதத்தோடு ஒப்பிட்டால், இருக்க வேண்டிய செனானில் பத்தில் ஒரு பங்கு கூட நம்மிடம் இல்லை. மிச்சம் எங்கே? பூமியின் ஆழத்தில் குவார்ட்ஸுக்குள் புகுந்துவிட்டது என்றார்கள், மையத்து இரும்போடு சேர்ந்துவிட்டது என்றார்கள். உயர் அழுத்தத்தில் செனான் சேர்மங்கள் உண்டாகும் என்பதால் இரண்டுமே கேட்க அபத்தம் இல்லை.

எனக்கு நம்பத் தோன்றுவது மூன்றாவது விளக்கம்: அது விண்வெளிக்குத் தப்பிவிட்டது. கனமான செனான் போய், லேசான கிரிப்டான் எப்படித் தங்கும் என்று கேட்பீர்கள். செனானிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்குவது கிரிப்டானிலிருந்து பிடுங்குவதை விட எளிது. மின்சுமை ஏறிய செனானை, பூமியை விட்டு ஓடும் ஹைட்ரஜன் அயனிகள் இழுத்துக்கொண்டு போகும். மின்சுமை இல்லாத கிரிப்டான் அப்படியே நிற்கும். இதற்குத் தடயமும் இருக்கிறது. நம் காற்றின் செனானில் லேசான ஐசோடோப்புகள் குறைந்து, கனமானவை மிகுந்து நிற்கின்றன. ஓடியது லேசானது என்றால் அப்படித்தான் நிற்கும். 300 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய குவார்ட்ஸில் அடைபட்ட காற்றை எடுத்து அளந்தால் இந்த விலகல் பாதியில் நிற்கிறது. புதைந்துபோன சரக்கு என்றால் இப்படிப் படிப்படியாக மாறியிருக்க வேண்டிய அவசியமில்லை.

இதற்குப் பிறகும் ஒரு சின்ன உறுத்தல் இருந்தது. தப்பியோடிய கணக்கைத் திருத்திவிட்டுப் பின்னோக்கிப் போனால், ஆதியில் இருந்த செனான் விண்கல் செனானோடு பொருந்தவில்லை. 134, 136 எடையுள்ள இரண்டு ஐசோடோப்புகள் கொஞ்சம் குறைந்தன. 2016-இல் ரொசெட்டா விண்கலம் 67பி வால்மீனுக்கு மிக அருகில் சுற்றி, அதிலிருந்து கசியும் செனானை அளந்தது. அங்கே அதே 134-உம் 136-உம் வெகுவாகக் குறைவு. மறு ஆண்டு வெளியான கணக்கின்படி ஆதிக் காற்றின் செனானில் சுமார் 22 சதவீதம் வால்மீன்கள் கொண்டுவந்தது, மிச்சம் விண்கற்களின் வகை. இரண்டையும் கூட்டினால் ஒத்துப்போகிறது.